ஏற்காட்டில் இருந்துகொண்டு அசிடியன் படிப்பது

சேலத்திலிருந்து பக்கத்துக் கடல் என்றால் கடலூரும் பரங்கிப்பேட்டையும்தான். அதற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போக வேண்டும். போனாலும் அங்கே மணலும் சேறும் முகத்துவாரமும்தான் இருக்கும். பாறைக் கரை வேண்டுமென்றால் மண்டபம், தூத்துக்குடி, கன்னியாகுமரி, முட்டம் என்று தெற்கே ஓர் இரவு ரயிலில் போக வேண்டும். நான் சேலத்தில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன், வீடு ஏற்காட்டில். ஒவ்வோர் ஆண்டும் முதுகலை மாணவர்களில் யாராவது ஒருவர் வந்து கேட்பார்: "மேடம், எனக்குக் கடல் உயிரிதான் பிடிச்சிருக்கு. நம்ம ஊர்ல இருந்துட்டு எப்படிப் பண்றது?"

பண்ணலாம். பாறையில் ஒட்டி வாழும் முதுகெலும்பில்லாத உயிரிகளை, குறிப்பாகப் பை போன்ற உடலுள்ள அசிடியன்களை, மலையில் இருந்தபடியே நான் படித்துவருகிறேன். ஆனால் கடலோரத்தில் வீடு உள்ளவர்கள் செய்யும் முறை நமக்கு ஒத்துவராது. அவர்களுக்கு ஒன்று விட்டுப்போனால் நாளைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். நமக்கு அந்த நாளை கிடையாது. எதைக் கரையிலேயே முடித்தாக வேண்டும், எதைச் சேலத்து மேசைக்குத் தள்ளிப்போடலாம் என்று பிரித்துக்கொள்வதில்தான் பாதி வேலை இருக்கிறது.

விலங்கியல் படித்த எல்லோருக்கும் ஹெர்ட்மேனியா என்ற அசிடியன் தெரிந்திருக்கும். பாடப்புத்தகத்தில் படம் வரைந்து பாகம் குறித்திருப்போம். அந்தப் பெயர் வில்லியம் ஹெர்ட்மேனுடையது. மன்னார் வளைகுடாவின் முத்துச் சிப்பிப் படுகைகளைப் பற்றி 1903க்கும் 1906க்கும் இடையில் பெரிய அறிக்கைகளை வெளியிட்டவர் அவர். இந்திய மாணவர்கள் இன்றும் படிக்கும் ஹெர்ட்மேனியா உடற்கூற்றை விரிவாக எழுதியவர் எஸ். எம். தாஸ். அது 1936இல் லக்னோவிலிருந்து வெளிவந்தது. லக்னோவுக்கும் கடலுக்கும் உள்ள தூரத்தோடு பார்த்தால் சேலம் கடற்கரை ஊர்தான். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரியில் எச். அப்துல் ஜாபர் அலி தூத்துக்குடி, விழிஞ்ஞம் கரைகளின் அசிடியன்களைப் பற்றித் தொடர்ந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார். தூத்துக்குடி ஏ.பி.சி. மகாலட்சுமி கல்லூரியின் வி. கே. மீனாட்சியின் கட்டுரைகளையும் மாணவர்களிடம் முதலிலேயே கொடுத்துவிடுவேன். டார்வின்கூட 1846 முதல் 1854 வரை பாறையிலும் படகிலும் ஒட்டி வாழும் கொட்டலசுகளை (பார்னக்கிள்) ஆராய்ந்தது லண்டனுக்குத் தெற்கே இருந்த தன் கிராமத்து வீட்டில்தான். மாதிரிகள் அவருக்குத் தபாலில் வந்தன.

இந்த உயிரியின் மேல் எனக்கு ஏன் இவ்வளவு பிடிப்பு என்பதையும் சொல்லிவிடுகிறேன். வளர்ந்த அசிடியனைப் பாறையில் பார்த்தால் அதை ஒரு விலங்கு என்றே யாரும் நினைக்க மாட்டார்கள். தூத்துக்குடியில் நிறையக் கிடைக்கும் ஃபல்லூசியா நைக்ரா, தண்ணீர் நிரப்பிய கறுப்புத் தோல்பை போல இருக்கும். தண்ணீர் உள்ளே போக ஒரு குழல், வெளியே வர ஒரு குழல், அவ்வளவுதான். ஆனால் அதன் இளவுயிரிக்கு வால் உண்டு, வாலில் முதுகெலும்புக்கு முன்னோடியான முதுகுநாண் உண்டு, முதுகுப் பக்கம் நரம்புக் குழாயும் உண்டு. 1866இல் ரஷ்ய விலங்கியலாளர் கோவலெவ்ஸ்கி இதை எடுத்துக்காட்டிய பிறகுதான் அசிடியன்களை மெல்லுடலிகளோடு சேர்த்துப் பேசுவது முடிவுக்கு வந்தது. முதுகெலும்பிகளுக்கு மிக நெருங்கிய உறவு மீன் போன்ற சிறு கடல் உயிரியான ஆம்ஃபியாக்சஸ் இல்லை, அசிடியன்களை உள்ளடக்கிய இந்த வால்நாணிகள்தான் என்று 2006இல் மரபணு ஒப்பீடுகள் காட்டின. அதாவது பாறையில் நம் கையில் படும் நட்சத்திர மீன், சிப்பி, நண்டு எல்லாவற்றையும்விட இந்தப் பைதான் நமக்கு நெருங்கிய சொந்தம். அதன் மேலுறையில் செல்லுலோஸ் இருக்கிறது. விலங்குகளில் வேறு எந்தக் கூட்டமும் செல்லுலோஸைத் தானே செய்துகொள்வதில்லை. இதயம் கொஞ்ச நேரம் ஒரு திசையில் ரத்தத்தைத் தள்ளும். பிறகு நின்று, எதிர்த் திசையில் தள்ளத் தொடங்கும். உடல் ஒளி ஊடுருவும் இளம் அசிடியன் ஒன்றைக் கண்ணாடித் தட்டில் வைத்து இதைக் கண்ணால் பார்த்துவிட்டவர் இந்தத் துறையை விட மாட்டார்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

முதல் பாடம் ரயில் ஏறும் முன்பே சூரமங்கலம் மீன் மார்க்கெட்டில் தொடங்குகிறது. கடல் மீன் இறங்கும் காலை நேரத்தில் போக வேண்டும். நீலக்கால் நண்டு வாங்கி, ஓட்டைக் கழற்றிச் செவுள்களைப் பிரித்துப் பாருங்கள். பல நண்டுகளில் செவுளின் மேல் சின்னச் சின்னக் காம்புகளோடு வெளுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். அவை ஆக்டோலாஸ்மிஸ், காம்புள்ள கொட்டலசு வகை. கழுவிச் சுத்தம் செய்யும்போது பலரும் அழுக்கென்று கிள்ளி எறிந்துவிடுவார்கள். கல்லுமக்காய்ச் சிப்பி வந்தால் கழுவாததாகக் கேட்டு வாங்குங்கள். ஓட்டின் மேல் கொட்டலசு, குழாய்ப் புழு, பாசிக்கொடி என்று ஒரு பாறையே ஒட்டிக்கொண்டு வரும். எனக்கு வழக்கமாக நண்டு தரும் கடைக்காரர் இப்போதெல்லாம் "டீச்சரக்கா, ஓட்டுல என்னமோ ஒட்டிருக்கு பாருங்க" என்று தனியாக எடுத்து வைக்கிறார். இந்தப் பழக்கத்தால் கரைக்குப் போகும்போது மாணவர்களின் கண் தயாராக இருக்கிறது. பாறையில் முதல் அரைமணி நேரத்தை எது உயிர், எது கல் என்று தடுமாறியே கழிக்க வேண்டியதில்லை.

கன்னியாகுமரிப் பாறை நம் ஊர்க்காரர்களுக்கு அந்நியமில்லை. சேர்வராயன் மலை சார்னோகைட் பாறையால் ஆனது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து 1893இல் இந்தப் பாறைக்குச் சார்னாக்கின் பெயரை வைத்தார். கன்னியாகுமரி முனையிலும் இதே வகைப் பாறை இருக்கிறது. ஏற்காட்டில் அது 1500 மீட்டர் உயரத்தில் மூடுபனி பட்டு நிற்கிறது, அங்கே அலை பட்டு நிற்கிறது. மாணவர்களுக்கு அடுக்கு அடுக்காக உயிர்கள் வாழும் முறையைச் சொல்ல இது எனக்கு உதவுகிறது. ஒரே கல்தான், ஈரம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பொறுத்து அதில் வாழ்பவை மாறிவிடுகின்றன. மேலே எப்போதாவது தெறிப்பு மட்டும் படும் இடத்தில் சிறு லிட்டோரினா நத்தைகள். அதற்குக் கீழே கொட்டலசுகள். அப்புறம் பழுப்புச் சிப்பிப் படுகை. அதற்கும் கீழே குழிகளில் கடல் முள்ளெலி. அசிடியன் காய்வதைத் தாங்காது. ஆகவே எல்லாவற்றுக்கும் அடியில், நிழல் விழும் இடுக்கிலும் கல்லின் அடிப்பக்கத்திலும்தான் தேட வேண்டும். ஒட்டிக்கொள்ள இடம் தேடும் கட்டத்தில் பல வகைகளின் இளவுயிரிகள் வெளிச்சத்தை விட்டு விலகி நிழலுக்குப் போகின்றன. வெயில் படும் பாறை முகத்தில் நாள் முழுக்கத் தேடினாலும் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது.

கல்லைப் புரட்டினால் பார்த்துவிட்டு அதே பக்கமாகத் திருப்பி வைத்துவிட வேண்டும். அடிப்பக்கத்து உயிர்கள் வெயிலில் ஒரு மணி நேரம் கிடந்தால் முடிந்தது. மேல்பக்கத்துப் பாசியும் இருட்டில் அழியும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. புரட்டிய கல்லைத் திருப்பாத மாணவரை அன்று கரையில் உட்கார்ந்து குறிப்பு மட்டும் எழுதச் சொல்வேன்.

வற்று நேரத்தைப் பார்த்துத்தான் டிக்கெட் போட வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் கடல் நன்றாக உள்வாங்கும். தூத்துக்குடிப் பக்கம் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூட இருக்காது. குஜராத் கரையைப் போல மைல் கணக்கில் தரை தெரியும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அந்தக் குறுகிய பட்டை தெரியும் இரண்டு மணி நேரம்தான் நமக்குக் கிடைக்கும். அடுத்த நாள் வற்று ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். சேலம் வழியாகப் போகும் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் காலையில் கொண்டுபோய் விடுகிறது, மைசூர் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் பகலில். முதல் நாள் வற்றை நம்பிப் போகாதீர்கள். வண்டி தாமதமானால் போச்சு. முதல் நாள் இடம் பார்க்கவும் அனுமதி கேட்கவும், மறுநாள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாறையைவிட அலைதான் ஆபத்து. குமரி மாவட்டத்து மேற்குக் கரையில் ஆனி, ஆடியில் பாறைப் பக்கமே போகக் கூடாது. அது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது கள்ளக்கடல். வெகு தொலைவில் எழும் அலைகள் இங்கே காற்றே இல்லாத தெளிந்த நாளில் வந்து மோதும். 2024 மே மாதம் குமரி மாவட்டக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது கடல் சீற்ற எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் எச்சரிக்கைகளைத் தன் இணையதளத்தில் போடுகிறது. புறப்படும் முன்பும், அன்று காலையும் அதைப் பாருங்கள். பார்த்த பிறகும் உள்ளூர் மீனவரிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். எவ்வளவு தூரம் ரயிலில் வந்திருந்தாலும் சரி. மலைப் பிள்ளைகளுக்குக் கடலைப் பார்த்ததும் வரும் துள்ளல் எனக்குத் தெரியும். அதனாலேயே கடலுக்கு முதுகைக் காட்டிக் குனியக் கூடாது, ஒருவர் குனிந்தால் இன்னொருவர் அலையைப் பார்த்து நிற்க வேண்டும் என்று இருவர் இருவராகத்தான் அனுப்புகிறேன். கூம்பு வடிவச் சங்கைக் கையில் எடுக்கக் கூடாது. அதன் விஷம் ஆளைக் கொல்லும். பாறையில் பாய் விரித்ததுபோலப் படர்ந்திருக்கும் பாலித்தோவா என்ற விஷ உயிரியைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்க்கக் கூடாது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, அசிடியனுக்கு இயற்கைப் பாறையைவிட எளிதான இடம் ஒன்று உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். மீன்பிடித் துறைமுகத்துத் தூண், கயிறு, மிதவை, படகின் அடிப்பாகம். பாறையில் கஷ்டப்பட்டுத் தேடும் பல வகைகள் அங்கே கொத்துக் கொத்தாகக் கிடைக்கும். தூத்துக்குடியில் படகு உரிமையாளர் ஒருவர், நான் கறுப்பு ஃபல்லூசியாக்களை வாளியில் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எம்மா, இதத் திங்கவும் முடியாது, விக்கவும் முடியாது. என்னத்துக்கு எடுக்கிய?" என்றார். "கொரியாவுலயும் ஜப்பான்லயும் இதுல ஒரு வகையச் சாப்பிடுறாங்க அண்ணாச்சி. கரீபியன் கடல்ல இருக்கிற இன்னொரு வகையில இருந்து புற்றுநோய்க்கு மருந்து எடுத்திருக்காங்க" என்றேன். அந்த மருந்து டிராபெக்டெடின். ஐரோப்பாவில் 2007இலும் அமெரிக்காவில் 2015இலும் அனுமதி பெற்றது. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப இன்னும் ரெண்டு படகு இருக்கு, வந்து பாருங்க" என்றார். இன்றைக்கும் அவர்தான் எங்களுக்குத் துணை.

உயிரோடு இருக்கும்போது செய்ய வேண்டியதை உயிரோடு இருக்கும்போதே செய்துவிட வேண்டும். நிறம், குழல்கள் விரிந்து நிற்கும் கோணம், கூட்டமாக வாழும் வகைகளில் அந்தக் கூட்டத்தின் தனித்தனி உறுப்பினர்களான சிற்றுயிர்கள் வட்டமாக அடுக்கியிருக்கும் விதம், எதன் மேல் ஒட்டியிருந்தது, எவ்வளவு ஆழம். ஃபார்மலினில் போட்ட சில நாட்களிலேயே ஆரஞ்சும் ஊதாவும் பச்சையும் பெரும்பாலும் வெளுத்துவிடும். சேலத்துக்கு வந்து சேர்வது ஒரு வெளிறிய கட்டிதான். அளவுகோலோடு வைத்துப் படம் எடுங்கள், நிறத்தைச் சொற்களிலும் எழுதுங்கள். பென்சிலில் எழுதிய சீட்டை மாதிரியோடு பாட்டிலுக்கு உள்ளேயே போடுங்கள். பால்பாயிண்ட் மை ஆல்கஹாலில் கரைந்துவிடும், வெளியே ஒட்டிய லேபிள் உரிந்துவிடும்.

இளவுயிரி பார்க்க ஆசை உள்ளவர்கள் ஓர் இரவை இதற்கு ஒதுக்குங்கள். கூட்டமாக வாழும் அசிடியன்கள் பல தம் குஞ்சுகளை உடலுக்குள்ளேயே வளர்க்கும். ஒரு சின்னக் கூட்டத்தை நிறையக் கடல் நீரோடு வாளியில் விட்டு, பேட்டரி காற்றுக்குழாய் போட்டு, கறுப்புத் துணியால் மூடி லாட்ஜ் அறையில் வைத்துவிட வேண்டும். விடிந்ததும் துணியை எடுத்து வெளிச்சம் படும்படி வைத்தால், முதிர்ந்த குஞ்சுகள் இருக்கும் பட்சத்தில், கொஞ்ச நேரத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் வாலாட்டிக்கொண்டு வெளியே வரும். நாங்கள் அறையில் எல்லோரும் தரையில் படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறோம். வாய் திறந்து சாப்பிடுவதற்கு அதற்கு நேரமில்லை. சில நிமிடங்களோ சில மணி நேரமோ நீந்தி, தலையால் ஒட்டிக்கொண்டு, வாலை உள்ளே இழுத்துக் கரைத்துவிடும். முதுகுநாணும் அதோடு போய்விடும். பின்னோக்கு வளர் உருமாற்றம் என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்தவர்கள் அதை ஒரு கண்ணாடித் தட்டில் பார்க்கும்போது அறையில் சத்தமே இருக்காது.

பதப்படுத்துவதில் அவசரம் கூடாது. உயிருள்ள அசிடியனை நேரே ஃபார்மலினில் போட்டால் அது சுருங்கி, குழல்களை இழுத்துக்கொண்டு, உள்ளே எதையும் பார்க்க முடியாத முடிச்சாகிவிடும். முதலில் கடல் நீரில் விட்டுக் குழல்கள் விரியும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு நீரின் மேல் மென்தால் கட்டிகளைத் தூவி, இரண்டு மணி நேரம்போல விட வேண்டும். ஊசியால் தொட்டாலும் குழல் மூடவில்லை என்றால் மயங்கிவிட்டது என்று பொருள். கடல் சாமந்தி, புழு, நத்தை வகைகளுக்கு மெக்னீசியம் குளோரைடு நல்லது. ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 75 கிராம் கரைத்து, அதோடு சம அளவு கடல் நீர் சேர்த்தால் போதும். ஏற்காடு அடிவாரத்தில் வெட்டியெடுக்கும் மேக்னசைட்டும் மெக்னீசியத்தின் கார்பனேட்தான் என்று சொன்னால் சேலத்துப் பிள்ளைகள் இந்த உப்பை மறக்க மாட்டார்கள்.

மயங்கிய பிறகு ஒரு பங்கு ஃபார்மலினுக்கு ஒன்பது பங்கு கடல் நீர். ஃபார்மலின் பாட்டிலில், அடியில் கொஞ்சம் கரையாமல் தங்கும் அளவுக்குப் போராக்ஸ் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் அதன் அமிலத்தன்மை சுண்ணாம்பு முட்களைக் கரைத்துவிடும். ஹெர்ட்மேனியாவையும் கூட்டமாக வாழும் டைடெம்னம் வகை அசிடியன்களையும் அடையாளம் காண அந்த முட்கள் வேண்டும். மரபணு ஆய்வுக்கு ஒரு சின்னத் துண்டை ஃபார்மலினில் படாமல் 95 சதவீத எத்தனாலில் தனியாக வையுங்கள். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று 2004இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிப்படுத்தியது. லாட்ஜ் அறையில் அதைத் திறக்கவே கூடாது. நாங்கள் கடலோரத்தில் தெரிந்த ஓர் ஆய்வகத்தில், காற்றோட்டமான இடத்தில், கையுறையோடு இந்த வேலையை முடிக்கிறோம். பாட்டில் பாட்டிலாக இந்தத் திரவங்களை ரயிலில் ஏற்றக் கூடாது. பதமான மாதிரிகளை வடித்து, ஈரத் துணியில் சுற்றி, இரண்டு பைகளில் காற்றுப் புகாமல் மூடி எடுத்து வந்து, இங்கே மறுபடி திரவத்தில் போடுகிறோம். ஏற்காட்டுக்குக் கொண்டுபோவதென்றால் பாட்டிலில் காற்றிடமே இல்லாமல் விளிம்புவரை நிரப்ப வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பும்போது, பாதி நிரப்பிய பாட்டிலில் உள்ளதெல்லாம் மோதிச் சிதையும்.

சேலத்து வெயிலில் ஆல்கஹால் ஆவியாகிக்கொண்டே இருக்கும். மாதம் ஒருமுறை மட்டம் பாருங்கள். ஏற்காட்டில் நேர்மாறு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நுண்ணோக்கி லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மேசை வேலை பொறுமையான வேலை, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். மேலுறையைக் கத்தரித்து உடலை வெளியே எடுத்து, எண்டோஸ்டைல் (செவுள் பையின் வயிற்றுப் பக்கப் பள்ளம்) ஓரமாகத் திறந்து, செவுள் பையை விரித்து ஊசி குத்த வேண்டும். செவுள் பையில் நீளவாட்டு மடிப்பு உண்டா என்று முதலில் பாருங்கள். மடிப்பு இருந்தால் ஸ்டோலிடோபிராங்கியா வரிசை. அதிலும் வாய்க்குழலின் உணர்நீட்சிகள் கிளைத்திருந்தால் பையூரிடே அல்லது மோல்குலிடே குடும்பம், கிளைக்காமல் இருந்து மடிப்பும் ஒரு பக்கத்துக்கு நான்குக்கு மேல் போகாவிட்டால் ஸ்டையெலிடே. மடிப்பில்லாத தனி உயிரி என்றால் ஃபிளெபோபிராங்கியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். கூட்டமாக வாழ்ந்து, சிற்றுயிரின் உடல் மார்பு, வயிறு என்று பிரிந்திருந்தால் அப்லூசோபிராங்கியா. அப்புறம் குடல் வளைவும் இனப்பெருக்க உறுப்பும் எங்கே இருக்கின்றன என்பது. வெளித்தோற்றத்தை வைத்துப் பெயர் வைக்காதீர்கள். ஒரே இனம் பாறையில் ஒரு வடிவத்திலும் கயிற்றில் இன்னொரு வடிவத்திலும் வளரும். கண்டுபிடித்த பெயர் இன்றும் செல்லுமா என்பதைக் கடல் உயிரினங்களின் உலகப் பதிவேட்டில் சரிபாருங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலான 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. கடல் அட்டைகளும் பவளங்களும் 2001இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. செத்த பவளக் கல்லில் அசிடியன் ஒட்டியிருந்தாலும் அந்தக் கல்லை எடுத்து வரக் கூடாது. துறைமுகம் என்றால் துறைமுக அனுமதி வேண்டும். கல்லூரிக் கடிதத்தை இரண்டு மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள்.

உள்ளூரில் ஒரு துணை கிடைத்துவிட்டால் தட்டு முறையைத் தொடங்கலாம். நம்மைப் போலத் தூரத்தில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு சாண் அகலப் பிளாஸ்டிக் தட்டுகளைச் சொரசொரப்பாகத் தேய்த்து, எண் எழுதி, மிதவையிலிருந்து படுக்கை வசத்தில் தொங்கவிட வேண்டும். நாம் சேலத்தில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது அவை அங்கே வேலை செய்யும். ஒன்றிரண்டு மாதம் கழித்துப் போனால் அடிப்பக்கத்தில் அசிடியன்களும் பாசி விலங்குகளும் குழாய்ப் புழுக்களும் வளர்ந்திருக்கும். எந்த நாளில் இறக்கினோம் என்பது தெரியும் என்பதால் வயதும் கிடைக்கும். பாறையைச் சுரண்ட வேண்டியதே இல்லை.

நீர் தெளிந்து கடல் அமைதியாக இருப்பது மாசி, பங்குனியில். பாறை வேலைக்கு அதுதான் காலம். அது முடிந்ததும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றி அடிப்பாகத்தைச் சுரண்டிப் பெயிண்ட் அடிப்பார்கள். நமக்கும் அப்போது கோடை விடுமுறை. படகு கரையேறிய அன்றே போய்ச் சேர வேண்டும், ஒரு பகல் வெயில் பட்டால் எல்லாம் காய்ந்து நாறிவிடும். படகை எந்த நாளில் ஏற்றுகிறார்கள் என்று சித்திரை பிறந்ததும் அண்ணாச்சிக்குப் போன் செய்துவிடுவோம். டிக்கெட் அதற்கப்புறம்தான்.